பயனர் சுட்டும் செல்கள், மேக்ரோ படிக்கும் முகவரி: எக்செல் படிவங்களில் வரம்புத் தேர்வு

பள்ளி ஒன்றின் அலுவலகத்துக்காக, மதிப்பெண் பட்டியலைக் கையாளும் சிறு மேக்ரோ (எக்செலுக்குள் ஓடும் நிரல்) படிவம் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் செல்களைத் தேர்ந்து காட்ட வேண்டும். பொத்தானை அழுத்தினால் அந்தச் செல்களில் அவர் கொடுக்கும் குறிப்பு எழுதப்படும். அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் ஓர் ஆசிரியை, 35 மதிப்பெண்ணுக்குக் கீழ் பெற்றவர்களை மட்டும் ஃபில்டர் செய்து, திரையில் தெரிந்த ஏழு பெயர்களுக்கு நேரே இருந்த குறிப்புப் பத்தியை மேலிருந்து கீழே இழுத்துத் தேர்ந்து, ‘சிறப்பு வகுப்பு’ என்று எழுதச் செய்தார். ஃபில்டரை நீக்கியபோது, நாற்பது மாணவர்களுள் முப்பத்தெட்டுப் பேருக்குச் சிறப்பு வகுப்பு என்று பதிவாகியிருந்தது. ஆசிரியை செய்ததில் பிழை ஏதும் இல்லை. ஃபில்டர் செய்த பட்டியலில் கையால் ஒன்றை நிரப்பினாலோ நகலெடுத்தாலோ, தெரிகிற வரிசைகளை மட்டுமே எக்செல் எடுத்துக்கொள்கிறது. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் அவர் இழுத்தார். நான் எழுதிய நிரலோ முதல் செல்லையும் கடைசிச் செல்லையும் பார்த்து, இடையில் ஒளிந்திருந்தவற்றையும் சேர்த்து ஒரே தொகுதியாக எடுத்துக்கொண்டது.

பயனர் தேர்ந்த செல்களோடு வேலை செய்யும் மேக்ரோக்களில் நேரும் தவறுகளுள் பெரும்பாலானவை இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன. பயனர் சுட்டுவது செல்களை. படிவத்தின் கைக்கு வந்து சேர்வது பல நேரங்களில் வெறும் எழுத்துச் சரம்: தாளின் பெயர், ஓர் ஆச்சரியக்குறி, டாலர் குறிகளோடு கூடிய முகவரி. எழுத்தாக வந்ததை எந்தக் கணத்தில் உயிருள்ள வரம்பாக, அதாவது அந்தச் செல்களையே குறிக்கும் பொருளாக, மாற்றுகிறோம், மாற்றிய பின் அதனிடம் என்னென்ன கேட்டுத் தெரிந்துகொள்கிறோம் என்பதில்தான் படிவம் நம்பத்தக்கதா இல்லையா என்பது அடங்கியிருக்கிறது.

செல்களைச் சுட்டிக் காட்டும் வழக்கம் விரிதாளின் ஆரம்ப நாள்களிலேயே வந்துவிட்டது. 1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3இல் அம்புக்குறி விசைகளால் ஒரு செல்லுக்குப் போய், முற்றுப்புள்ளி விசையை அழுத்தி அங்கே நங்கூரமிட்டு, மறுமுனை வரை நீட்டுவார்கள்; அப்போது திரையின் மூலையில் ‘பாயிண்ட்’ என்று தெரியும். இன்றும் எக்செலில் ஃபார்முலா எழுதும்போது செல்லைச் சொடுக்கினால் கீழே நிலைப்பட்டையில் அதே சொல் வருகிறது. சுட்டுவது பயனருக்கு இவ்வளவு இயல்பான செயல் என்பதால், மேக்ரோ எழுதுபவர்களும் அதே வசதியைத் தங்கள் படிவங்களில் தர விரும்பினார்கள். 1993இல் எக்செல் 5, மேக்ரோ எழுதுவதற்கான விபிஏ மொழியோடு வந்தது. எக்செல் 97இல் யூசர்ஃபார்ம் என்னும் இன்றைய படிவமும், அதில் வைப்பதற்கென ரெஃப்எடிட் என்னும் கட்டுப்பாடும் சேர்ந்தன.

ரெஃப்எடிட் பார்ப்பதற்கு எக்செலின் சொந்த உரையாடல் பெட்டிகளில் இருக்கும் வரம்புப் பெட்டியைப் போலவே இருக்கும். அதன் ஓரத்துச் சிறு பொத்தானை அழுத்தினால் படிவம் ஒற்றை வரியாகச் சுருங்கும். தாளில் இழுத்துத் தேர்ந்துவிட்டு மீண்டும் அழுத்தினால் படிவம் விரிந்து, பெட்டிக்குள் முகவரி எழுதப்பட்டிருக்கும். எக்செலோடு பழகிய எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதே அதன் பெருமை. ஆனால் அது கொடுப்பது எழுத்துச் சரம் மட்டுமே. பயனர் சுட்டாமல் தட்டச்சு செய்தும் நிரப்பலாம். அப்போது ‘அப்பா’ என்று எழுதினாலும் பெட்டி மறுக்காது. எனவே அதிலிருப்பதை எடுத்து, பிழை பிடிக்கும் ஏற்பாட்டோடு ரேஞ்ச் என்னும் பொருளாக மாற்றிப் பார்த்து, மாறவில்லை என்றால் பயனரிடம் திரும்பச் சொல்ல வேண்டும்.

இந்த மாற்றத்தில் மூன்று இடங்களில் கால் இடறும். தாளின் பெயர் இல்லாமல் வெறும் முகவரியைத் தட்டச்சு செய்திருந்தால், அந்த நேரத்தில் முன்னால் திறந்திருக்கும் தாளையே அது குறிக்கும். பயனர் மனத்தில் வைத்த தாள் வேறாக இருக்கலாம். இரண்டாவது, இதே மாற்றத்தை ஒரு தாளுக்குரிய மாட்யூலில் (நிரல் எழுதும் பக்கத்தில்) எழுதினால், அங்கே ரேஞ்ச் என்ற சொல் அந்தத் தாளையே குறிக்கும். வேறு தாளின் முகவரி வந்தால் 1004 என்னும் பிழை எழும். படிவத்தில் சரியாக ஓடிய வரியைத் தாளின் மாட்யூலுக்கு இடம் மாற்றியதும் அது ஏன் முறிகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான்; முன்னால் அப்ளிகேஷன் என்ற சொல்லைச் சேர்த்து எழுதினால் தீரும். மூன்றாவது, ரேஞ்சுக்குக் கொடுக்கும் எழுத்துச் சரம் 255 எழுத்துகளுக்கு மேல் இருக்கக் கூடாது. கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு இங்கொன்றும் அங்கொன்றுமாக முப்பது செல்களைத் தேர்ந்தால், ஒவ்வொன்றுக்கும் தாளின் பெயர் சேர்ந்து அந்த எல்லை சட்டென்று வந்துவிடும். சோதனையில் நான்கு செல்களைத் தேர்ந்து பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

இவை சரத்தின் குறைகள். ரெஃப்எடிட்டுக்கே உரிய குறைகளும் உண்டு. படிவத்தின் மீது நேரடியாக வைக்க வேண்டும். மற்றக் கட்டுப்பாடுகளைத் தாங்கும் ஃபிரேம், மல்டிபேஜ் போன்றவற்றுக்குள் வைத்தால் கோளாறு செய்யும். அதன் நிகழ்வுகளை நம்பிச் சரிபார்ப்பு எழுத முடியாது. எதிர்பார்க்கும் நேரத்தில் அவை எழுவதில்லை. தாளையும் படிவத்தையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த விடும் மோட்லெஸ் படிவத்தில் அதை வைத்தால் எக்செலே உறைந்து நிற்கும். தனியான ஒரு நூலகக் கோப்பைச் சார்ந்து அது இயங்குவதால், அந்தக் கோப்பு இல்லாத கணினியிலோ பொருந்தாத ஆஃபீஸ் பதிப்பிலோ திறந்தால், ரெஃப்எடிட்டைத் தொடாத மற்ற மேக்ரோக்கள்கூட ‘நூலகம் காணவில்லை’ என்ற செய்தியோடு நின்றுவிடும். மேக் கணினிகளின் எக்செலில் அதை நம்பி எதையும் கட்டக் கூடாது. ஒரே அலுவலகத்தில், ஒரே பதிப்பில், ஒரே படிவத்தில் பயன்படும் என்றால் மட்டுமே இன்று நான் ரெஃப்எடிட்டை எடுப்பேன்.

அதற்கு மாற்றாக நிற்பது அப்ளிகேஷன்.இன்புட்பாக்ஸ். விபிஏ மொழியில் இதே பெயரில் வெறும் இன்புட்பாக்ஸ் ஒன்றும் உண்டு. அது எழுத்தை மட்டும் வாங்கும். அப்ளிகேஷன் என்ற முன்னொட்டோடு வருவது எக்செலுக்குச் சொந்தமானது. டைப் என்னும் மதிப்புருவுக்கு 8 என்று கொடுத்தால், அது முகவரியை எழுத்தாகத் தராமல் ரேஞ்ச் பொருளாகவே தரும். 1 எண்ணுக்கு, 2 எழுத்துக்கு, 4 உண்மை பொய்க்கு, 64 அணிக்கு என்று மற்ற எண்களும் உள்ளன. நமக்கு வேண்டியது 8. பெட்டி திறந்திருக்கும்போது பயனர் தாள் விட்டுத் தாள் போய்ச் சுட்டலாம். தவறான முகவரியைத் தட்டச்சு செய்தால் எக்செலே மறுத்துத் திருப்பிக் கேட்கும். தாளின் பெயரைப் பற்றிய குழப்பம் எழுவதில்லை. பொருளுக்குத் தன் தாள் எது, பணிப்புத்தகம் எது என்று தெரியும்.

ஆனால் இங்கேயும் மூன்று வரிகளில் கவனம் சிதறக் கூடாது. விபிஏவில் பொருளை மாறியில் வைக்கும்போது செட் என்ற சொல் கட்டாயம். மாறி எந்த வகை மதிப்பையும் ஏற்கும் வேரியன்டாக இருந்து செட் விடுபட்டால் பிழை எழாது. வரம்புக்குப் பதில் வரம்பில் உள்ள மதிப்புகள் வந்து உட்கார்ந்துகொள்ளும், நிரல் வேறெங்கோ போய் விழும். அடுத்தது, பயனர் கேன்சல் அழுத்தினால் திரும்பி வருவது வரம்பு அல்ல, ஃபால்ஸ் என்னும் மதிப்பு. அதைச் செட் செய்ய முயன்றால் 424 என்ற எண்ணோடு ‘பொருள் தேவை’ என்னும் பிழை எழும். ஆகவே அந்த ஒரு வரிக்கு முன், பிழையைப் பொருட்படுத்தாமல் போகச் சொல்லும் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் எழுதி, அடுத்த வரியிலேயே அதை நிறுத்தும் ஆன் எரர் கோ டு 0 எழுதி, பிறகு மாறி நத்திங்காக, அதாவது எந்தப் பொருளும் இல்லாததாக, இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். முதல் வரியை எழுதிவிட்டு இரண்டாவதை மறந்தவர்களின் மேக்ரோக்களில் அதற்குப் பிறகு வரும் எல்லாப் பிழைகளும் சத்தமில்லாமல் விழுங்கப்படுகின்றன. பிழைச் செய்தி வராத மேக்ரோ சரியாக வேலை செய்கிறது என்று பயனர் நம்பிவிடுவதுதான் இதில் உள்ள ஆபத்து.

மூன்றாவது, அதிகம் பேசப்படாதது. ஒரே மாறியில் இரண்டாம் முறை வரம்பு கேட்கிறோம், பயனர் இந்த முறை கேன்சல் அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். செட் தோற்கும், பிழை விழுங்கப்படும்; ஆனால் மாறியில் முதல் முறை தேர்ந்த பழைய வரம்பு அப்படியே இருக்கும். நத்திங்கா என்று கேட்டால் இல்லை என்ற பதில் வரும். வேண்டாம் என்று சொன்ன பயனரின் பழைய செல்கள் மீதே மேக்ரோ மீண்டும் பாயும். கேட்பதற்கு முன் மாறியை நத்திங் ஆக்கிவிட்டால் போதும். ஒரு வரியின் வேலை, விடுபட்டால் ஒரு நாளின் வேலை போகும்.

ரெஃப்எடிட்டின் தோற்றமும் வேண்டும், இன்புட்பாக்ஸின் உறுதியும் வேண்டும் என்றால், சாதாரண டெக்ஸ்ட்பாக்ஸையே அதற்கு ஏற்றபடி அமைக்கலாம். டெக்ஸ்ட்பாக்ஸுக்கு டிராப்பட்டன்ஸ்டைல் என்னும் பண்பு ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. கோம்போபாக்ஸுக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருப்பார்கள். அதற்கு 3 என்றும், ஷோடிராப்பட்டன்வென் என்ற பண்புக்கு 2 என்றும் கொடுத்தால், பெட்டியின் வலது ஓரத்தில் ரெஃப்எடிட்டில் இருக்கும் அதே சுருக்குப் பொத்தான் எப்போதும் தெரியும். அந்தப் பொத்தானின் நிகழ்வில் படிவத்தை மறைத்து, அப்ளிகேஷன்.இன்புட்பாக்ஸைத் திறந்து, கிடைத்த வரம்பைப் படிவத்தின் சொந்த மாறியில் வைத்து, அதன் முகவரியைப் பயனரின் கண்ணுக்காக மட்டும் பெட்டியில் எழுதி, படிவத்தை மீண்டும் காட்ட வேண்டும். கேன்சல் அழுத்தினாலும் படிவம் திரும்ப வரும்படி எழுதுவது முக்கியம்; இல்லையென்றால் படிவம் மறைந்தபடியே இருக்கும், பயனர் எக்செல் நின்றுவிட்டது என்று நினைப்பார். பெட்டியில் தட்டச்சு செய்ய முடியாதபடி பூட்டிவிட்டால், எழுத்தை வரம்பாக மாற்றும் வேலையே இல்லாமல் போகிறது.

பெட்டியைத் திறக்கும்போது, இப்போது தேர்வில் இருக்கும் செல்களின் முகவரியை முன்கூட்டியே நிரப்பித் தருவது நல்ல மரியாதை. அதற்கு செலக்‌ஷன் என்ற சொல்லை நேரடியாகப் பயன்படுத்துவது வழக்கம். ஆனால் பயனர் அந்த நேரத்தில் ஒரு வரைபடத்தையோ படத்தையோ சொடுக்கி வைத்திருந்தால், செலக்‌ஷன் என்பது வரம்பாக இருக்காது, முகவரி கேட்டதும் பிழை எழும். பொருளின் வகையைச் சொல்லும் டைப்நேம் கொண்டு சோதிக்கலாம். அதைவிட எளிது ஆக்டிவ்விண்டோ.ரேஞ்ச்செலக்‌ஷன். படம் தேர்வில் இருந்தாலும் அதற்கு முன் தேர்ந்திருந்த செல்களை அது தரும்.

படிவத்தைத் திறந்து வைத்துக்கொண்டே தாளில் தாராளமாக உலவ வேண்டிய வேலைகள் உண்டு. எக்செல் 2000இலிருந்து கிடைக்கும் மோட்லெஸ் படிவம் அதற்கானது. ஷீட்செலக்‌ஷன்சேஞ்ச் என்னும் நிகழ்வைப் படிவத்துக்குள் கேட்டுக்கொண்டிருந்தால், பயனர் செல் மாறும்போதெல்லாம் படிவம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். சுட்டுவதற்குத் தனிப் பொத்தானே தேவைப்படாது. ஆனால் எக்செல் 2013இலிருந்து ஒவ்வொரு பணிப்புத்தகமும் தனிச் சாளரமாகத் திறக்கிறது. மோட்லெஸ் படிவம், தான் திறக்கப்பட்டபோது முன்னால் இருந்த சாளரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு பணிப்புத்தகத்துக்குப் பயனர் போனால் படிவம் பின்னால் ஒளிந்துகொள்ளும். இரண்டு கோப்புகளிலிருந்து வரம்புகள் கேட்கும் படிவம் என்றால் இதை முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும்.

வரம்பு கைக்கு வந்துவிட்டது. உண்மையான கவனம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. முகவரியை வாங்கும் வழிகளைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட, வாங்கிய வரம்பு எப்படிப்பட்டது என்று விசாரிப்பதைப் பற்றி எழுதப்படவில்லை.

முதலில், அது ஒரே தொகுதியா, பலவா? கண்ட்ரோல் விசையோடு தேர்ந்த வரம்புக்குள் பல பகுதிகள் இருக்கும்; அவற்றை ஏரியாஸ் என்ற தொகுப்பு தரும். அப்படிப்பட்ட வரம்பிடம் வரிசைகள் எத்தனை என்று கேட்டால் முதல் பகுதியின் வரிசைகளை மட்டுமே சொல்லும். மதிப்புகளைக் கேட்டாலும் முதல் பகுதியின் மதிப்புகளே வரும். மொத்தச் செல்கள் எத்தனை என்ற கேள்விக்கு மட்டும் எல்லாப் பகுதிகளையும் சேர்த்துப் பதில் சொல்லும். பி2 முதல் பி11 வரையும் டி2 முதல் டி6 வரையும் தேர்ந்தால், செல்கள் 15, வரிசைகள் 10 என்று வரும். இந்த இரண்டையும் நம்பிக் கணக்குப் போட்ட நிரல் டி பத்தியைப் பார்க்கவே பார்க்காது, பிழையும் சொல்லாது. பகுதி பகுதியாகச் சுற்றி வருவது ஒரு வழி. என் மேக்ரோ ஒரே தொகுதியைத்தான் ஏற்கும் என்று வெளிப்படையாகச் சொல்லி மறுப்பது இன்னொரு வழி. இரண்டும் நேர்மையானவை. முதல் பகுதியை மட்டும் செய்துவிட்டு ‘முடிந்தது’ என்று செய்தி காட்டுவது மட்டுமே கூடாது. பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கவும் கூடும்: பி2 முதல் பி4 வரை தேர்ந்துவிட்டு, கண்ட்ரோலோடு பி3ஐ மீண்டும் சொடுக்கியிருந்தால், பழைய பதிப்புகளில் செல்கள் 4 என்று எண்ணப்படும், கூட்டுத்தொகையில் பி3 இரண்டு முறை சேரும். பணத்தைக் கூட்டும் மேக்ரோவில் இது சிறிய விஷயம் இல்லை.

அடுத்து, ஒற்றைச் செல். பல செல்கள் கொண்ட வரம்பின் மதிப்பைக் கேட்டால், 1இலிருந்து எண்ணத் தொடங்கும் இரு பரிமாண அணி கிடைக்கிறது. வேகத்துக்காக எல்லோரும் இப்படித்தான் மொத்தமாக எடுக்கிறார்கள். பயனர் ஒரே ஒரு செல்லைத் தேர்ந்தாலோ அணி வராது, தனி மதிப்பு வரும். அணியின் எல்லையைக் கேட்கும் வரியில் 13ஆம் எண் பிழை. நாற்பது மாணவர்களைக் கொண்டு சோதித்த படிவம், ஒரே மாணவர் தாமதமாகச் சேர்ந்த நாளில் முறிந்து நிற்பது இதனால்தான்.

மறுகோடியில் முழுப் பத்தித் தேர்வு. பத்தியின் தலையைச் சொடுக்குவதுதான் பயனருக்கு எளிது. அவர் அதைத்தான் செய்வார், செய்ய உரிமையும் உண்டு. எக்செல் 2003 வரை ஒரு பத்தியில் 65,536 செல்கள், 2007இலிருந்து 10,48,576. ஒவ்வொரு செல்லாகச் சுற்றும் நிரல் நாற்பது பேரின் மதிப்பெண்ணுக்காகப் பத்து லட்சம் வெற்றுச் செல்களைத் தட்டிப் பார்க்கும். தேர்ந்த வரம்பையும், தாளில் பயன்பாட்டில் இருக்கும் பகுதியான யூஸ்டுரேஞ்சையும் இன்டர்செக்ட் கொண்டு வெட்டினால், தரவு இருக்கும் பகுதி மட்டும் மிஞ்சும். ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் நத்திங் வரும் என்பதையும் சோதிக்க வேண்டும். தாள் முழுவதையும் தேர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: 16,384 பத்திகளையும் சேர்த்து 1,717 கோடிக்கும் மேலான செல்கள் ஆகின்றன, கவுண்ட் தரும் லாங் வகை எண்ணோ 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சத்தோடு நிரம்பிவிடும். செல்களை எண்ணும் வரியே 6ஆம் எண் ஓவர்ஃப்ளோ பிழையைத் தரும். இதற்காகவே 2007இல் கவுண்ட்லார்ஜ் என்ற பண்பு வந்தது. பயனர் தேர்ந்த வரம்பை எண்ணும்போது எப்போதும் அதையே பயன்படுத்துவது நல்லது.

இனி அந்த ஆசிரியையின் ஃபில்டர். தெரியும் செல்களை மட்டும் எடுக்க ஸ்பெஷல்செல்ஸ் என்னும் முறை இருக்கிறது. வரம்பின் மேல் அதை அழைத்து, தெரிபவை மட்டும் என்று கேட்டால், ஒளிந்த வரிசைகள் நீங்கிப் பல பகுதிகளாக வரம்பு திரும்பி வரும். என் படிவத்தை இதைக் கொண்டுதான் முதலில் திருத்தினேன். இரண்டு வாரத்தில் வேறொரு தவறு வெளிப்பட்டது. ஸ்பெஷல்செல்ஸை ஒற்றைச் செல்லின் மேல் அழைத்தால், அது அந்தச் செல்லை விட்டுவிட்டுத் தாளில் பயன்பாட்டில் இருக்கும் பகுதி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். எக்செலின் ‘கோ டு ஸ்பெஷல்’ பெட்டியும் இப்படித்தான் நடந்துகொள்கிறது: ஒரே செல் தேர்வில் இருந்தால் தாள் முழுவதிலும் தேடும். கையால் செய்யும்போது அது வசதி. மேக்ரோவில் அது ஒரே மாணவருக்கு எழுத வேண்டிய குறிப்பைத் தலைப்பு, பெயர், மதிப்பெண் எல்லாவற்றின் மேலும் எழுதும் செயல். எனவே ஒற்றைச் செல் என்றால் ஸ்பெஷல்செல்ஸை அழைக்கவே கூடாது. அல்லது திரும்பி வந்ததை மூல வரம்போடு மீண்டும் இன்டர்செக்ட் செய்துகொள்ள வேண்டும். நான் இரண்டாவதைச் செய்கிறேன். எந்த வரம்புக்கும் தீங்கு செய்யாது என்பதால் விதிவிலக்கு எழுதும் தேவை இல்லை. தெரியும் செல்லே இல்லை என்றால் 1004 பிழை எழும், அதையும் பிடிக்க வேண்டும். எக்செல் 2007 வரை இன்னொரு எல்லையும் இருந்தது: விடை 8,192 தனிப் பகுதிகளுக்கு மேல் சிதறிப் போனால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் முழு வரம்பும் திரும்பி வந்தது. 2010இல் அது நீக்கப்பட்டாலும், பழைய கணினிகள் இன்னும் ஓடும் அலுவலகங்களில் பெரிய பட்டியல்களோடு வேலை செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டியது.

இணைக்கப்பட்ட செல்களைப் பற்றி ஒரு வார்த்தை: மதிப்பு இடது மேல் மூலைச் செல்லில் மட்டுமே இருக்கிறது, மற்றவை வெற்று. மெர்ஜ்ஏரியா கொண்டு கண்டுபிடிக்கலாம். தரவுத் தாளில் செல்களை இணைக்காமல் இருப்பதே இதற்குச் சிறந்த மருந்து.

சரிபார்த்த வரம்பை எங்கே, எந்த உருவில் வைத்திருப்பது? முகவரியாக வைத்தால், பயனர் மேலே ஒரு வரிசையைச் செருகியதும் முகவரி பொய்யாகிவிடும். பி2 முதல் பி41 வரை என்ற எழுத்து அப்படியே நிற்க, மதிப்பெண்கள் பி3 முதல் பி42 வரை நகர்ந்திருக்கும். ரேஞ்ச் பொருளாக வைத்தால் அது செல்களோடு சேர்ந்து நகரும். ஆனால் அந்தச் செல்களையே நீக்கிவிட்டாலோ பணிப்புத்தகத்தை மூடிவிட்டாலோ பொருள் உயிரிழந்துவிடும், தொட்டால் பிழை. மோட்லெஸ் படிவத்தில் இவை இரண்டும் நாள்தோறும் நடக்கக் கூடியவை; ஆகவே பொருளாக வைத்து, பயன்படுத்தும் கணத்தில் உயிரோடு இருக்கிறதா என்று ஒரு முறை தொட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். அடுத்த முறை கோப்பைத் திறக்கும்போதும் அதே தேர்வு வேண்டும் என்றால், பணிப்புத்தகத்தில் ஒரு பெயராகச் சேர்த்துவிட வேண்டும்; பெயரும் செல்களோடு நகரும், கோப்போடு சேமிக்கவும்படும்.

படிவத்தின் ஆயுளும் இதில் சேரும். படிவத்துக்குள் வைத்த வரம்பு, படிவத்தை நினைவகத்திலிருந்து இறக்கியதும் (அன்லோட் செய்ததும்) போய்விடும். அன்லோட் ஆன படிவத்தின் பெட்டியைப் பெயர் சொல்லி அழைத்தால் விபிஏ பிழை சொல்லாது. அதே பெயரில் புதிய வெற்றுப் படிவம் ஒன்றைச் சத்தமில்லாமல் ஏற்றி, வெற்றுப் பெட்டியைக் காட்டும். ஓகே பொத்தானில் படிவத்தை மறைக்க மட்டும் செய்து, அழைத்த நிரல் வரம்பை வாங்கிக்கொண்ட பிறகு அதுவே அன்லோட் செய்வதுதான் முறை. மூலையிலிருக்கும் பெருக்கல் குறியைப் பயனர் அழுத்துவதை குவெரிகுளோஸ் நிகழ்வில் பிடித்து, அதையும் கேன்சலாகவே நடத்த வேண்டும்.

தமிழில் தாள்களுக்குப் பெயர் வைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ‘பத்தாம் வகுப்பு அ’ என்று தாளுக்குப் பெயரிடுவதில் எக்செலுக்கு எந்தச் சிரமமும் இல்லை. ரேஞ்ச் பொருளுக்கும் இல்லை. சிரமம் விபிஏ எடிட்டரில். அது யூனிகோடுக்கு முந்தைய குறிமுறைகளில் எழுதப்பட்டது; அந்த எடிட்டர் பயன்படுத்தக் கூடிய குறிமுறைப் பக்கம் விண்டோஸில் தமிழுக்கு இல்லை. எனவே நிரலுக்குள் தமிழ் எழுத்துகளை ஒட்டினால் கேள்விக்குறிகளாக மாறிவிடும். செய்தி காட்டும் எம்எஸ்ஜிபாக்ஸில் தேர்ந்த தாளின் பெயரைக் காட்டினாலும் வரிசையாகக் கேள்விக்குறிகளே தெரியும். பயனர் தான் தவறாகத் தேர்ந்துவிட்டதாக எண்ணிப் பதறுவதைப் பார்த்திருக்கிறேன். தரவு கெடவில்லை, காட்டும் பெட்டிக்குத்தான் தமிழ் தெரியாது. படிவத்தில் உள்ள லேபிளும் டெக்ஸ்ட்பாக்ஸும் யூனிகோடை நன்றாகவே காட்டும். ஆகவே வரம்பை உறுதிசெய்யும் செய்தியைப் படிவத்திலேயே ஒரு லேபிளில் காட்ட வேண்டும். நிரலுக்கு வேண்டிய தமிழ்ச் சொற்களை ஒரு மறைதாளின் செல்களில் எழுதி அங்கிருந்து படித்துக்கொள்ளலாம். ஓரிரு எழுத்துகள் போதும் என்றால் சிஎச்ஆர்டபிள்யூ செயற்கூறுக்கு எண்ணைக் கொடுக்கலாம், 2949 என்றால் அ, 2965 என்றால் க. முகவரியை நாமே கோத்து எழுத நேர்ந்தால், தாளின் பெயரைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறிகளை எப்போதும் போட்டுவிட வேண்டும். இடைவெளி உள்ள பெயருக்கு அது கட்டாயம், இல்லாத பெயருக்கும் தீங்கில்லை.

எக்செலுக்கு வெளியே போனால் இதே கேள்விக்கு வேறு வேறு விடைகள். லிப்ரேஆஃபீஸ் கால்க்கில் ரெஃப்எடிட் போன்ற கட்டுப்பாடு இல்லை. ஸ்டார்ட்ரேஞ்ச்செலக்‌ஷன் என்னும் அழைப்பு தேர்வைத் தொடங்கிவிட்டு உடனே திரும்பிவிடும், பயனர் தேர்ந்து முடித்ததும் நாம் பதிந்து வைத்த கேட்பான் அழைக்கப்படும். கைவிட்டால் அதற்கென்று தனி அழைப்பு. கூகுள் ஷீட்ஸின் பக்கப்பட்டைகளில் சுட்டும் பெட்டியே கிடையாது. தாளில் தேர்ந்துவிட்டுப் பட்டையில் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி, அந்த நேரத்துத் தேர்வை வாங்கிக்கொள்ள வேண்டும். எக்செலின் புதிய ஜாவாஸ்கிரிப்ட் துணைநிரல்களில் கெட்செலக்டட்ரேஞ்ச் பல பகுதித் தேர்வைக் கண்டதும் பிழை எழுப்புகிறது. விபிஏ முதல் பகுதியின் எண்ணிக்கையை மட்டும் சொல்லி மௌனமாக இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியாக, திருத்த முடியாமை. விபிஏ மேக்ரோ தாளில் எழுதியதும் எக்செலின் அண்டூ பட்டியல் அழிந்துவிடும்; மேக்ரோ செய்ததை மட்டுமல்ல, அதற்கு முன் பயனர் கையால் செய்ததையும் கண்ட்ரோல் இசட் கொண்டு மீட்க முடியாது. மற்ற மேக்ரோக்களில் எதில் எழுதப் போகிறோம் என்பதை எழுதியவர் தீர்மானித்திருப்பார். இங்கே அதைத் தீர்மானிப்பது, அவசரத்தில் இழுத்த ஒரு கை. அதனால் அந்தப் பள்ளிப் படிவம் இப்போது பொத்தானை அழுத்தியதும் எழுதிவிடுவதில்லை. தாளின் பெயர், முகவரி, பகுதிகள் எத்தனை, எழுதப்படும் செல்கள் எத்தனை, ஒளிந்திருப்பதால் விடப்படும் செல்கள் எத்தனை, ஏற்கெனவே ஏதாவது எழுதியிருக்கும் செல்கள் எத்தனை என்று ஆறு வரிகளை லேபிளில் தமிழில் காட்டுகிறது. ‘எழுது’ என்ற இரண்டாம் பொத்தான் அதன் பிறகே உயிர்பெறுகிறது. எழுதுவதற்கு முன் பகுதி பகுதியாகப் பழைய மதிப்புகளையும் ஃபார்முலாக்களையும் ஒரு மறைதாளில் முகவரியோடு படியெடுத்து வைக்கிறது. ‘பழையபடி ஆக்கு’ என்ற மூன்றாம் பொத்தான் அங்கிருந்து எடுத்து அதே செல்களில் திரும்ப வைக்கிறது. அந்த ஆசிரியை அடுத்த தேர்வில் ஃபில்டர் செய்து இழுத்தபோது, எழுதப்படுபவை 7, விடப்படுபவை 31 என்று லேபிள் காட்டியது.